கோடை இல்லாத ஊரில் கேடெட்டின் விடுமுறை

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேரும் மாணவனுக்கு முதல் கோடை அடிப்படைப் பயிற்சியிலேயே போய்விடும். அடுத்த கோடையிலும் களப்பயிற்சிதான். சிங்கப்பூரிலோ கோடை என்று தனிப் பருவமே இல்லை. 1966இல் ஜூரோங்கில் தொடங்கிய சாஃப்டி இன்று பெரிய ராணுவப் பயிலகம். அதன் அதிகாரி பயிற்சிப் பள்ளியில் கேடெட்டுகள் எனப்படும் பயிற்சி மாணவர்கள் ஏறத்தாழ ஒன்பது மாதம் பயில்கிறார்கள். புருணைக் காட்டிலும் பயிற்சி உண்டு. அவர்களுக்கு வாய்க்கும் விடுமுறை ‘புக் அவுட்’தான்: வார இறுதியில் வெளியே வந்து, ஞாயிறு இரவு முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஜூ கூனில் ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறினால் லிட்டில் இந்தியா. வீடு வந்ததும் பை திறக்கிறது. வியர்வையில் விறைத்த ‘நம்பர் ஃபோர்’ சீருடை, சேறு அப்பிய பூட்ஸ், நாலைந்து நாள் காலுறைகள். எல்லாவற்றையும் துவைத்து, மழைக்கு முன் காய வைத்தாக வேண்டும். அம்மா காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய் ஆட்டுக்கறி வாங்கி வந்திருப்பார். பையன் சாப்பிட்ட கையோடு சோபாவிலேயே தூங்கிவிடுவான்.

நம் வீடுகளில் தொந்தரவு இங்கேதான் ஆரம்பிக்கிறது. “தம்பி வந்திருக்கான், பாட்டியைப் பார்த்துட்டு வந்துடலாம்.” அப்படியே சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் ஒரு கல்யாணம், மாமா வீட்டில் பிறந்தநாள். பாசத்தில்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் வாரம் முழுக்க இன்னொருவர் கட்டளைக்கு எழுந்தவனுக்கு, எப்போது எழுவது என்பதைத் தானே முடிவு செய்யும் ஒரே நாள் அது. அவனைத் தூங்க விடுங்கள். பாட்டியை வீட்டுக்கு அழைத்து வந்துவிடலாமே.

ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று துடிக்கும் பெற்றோருக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: கடிதம். கேடெட் ஆவதற்கு முன், தேக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி நடக்கும். அதில் வரும் ஃபீல்டு கேம்ப்பில், தானே வெட்டிய குழிக்குள் படுத்துக் கிடக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து வந்த கடிதத்தைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. சண்டைக்காரப் பையன்கள்கூட அப்போது அழுதுவிடுகிறார்கள். தனக்கு ஆங்கிலம் சரியாக வராது என்று அந்தக் கடிதத்தை மகளிடம் எழுதச் சொல்லும் அம்மாக்கள் நம்மில் உண்டு. வேண்டாம் அம்மா, தமிழிலேயே எழுதுங்கள். எழுத்துக்கூட்டியாவது படித்துவிடுவான்.