மெம்பர்ஷிப் கார்டா... மலைப் பாதையா?

வெள்ளிக்கிழமை ராத்திரி தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்க. ஊருக்குப் போகும் கூட்டத்துக்கு நடுவே ஒரு கோஷ்டி மட்டும் தனியாகத் தெரியும். தலைக்கு மேல் எட்டிப் பார்க்கும் பை, சுருட்டிக் கட்டின பாய், கழுத்தில் தொங்கும் டார்ச். 'எங்கே பாஸ்?' என்று கேட்டால், 'கொல்லிமலை', 'கொடைக்கானல்' என்று கெத்தாகப் பதில் வரும். உடனே நமக்கும் காலில் ஒரு அரிப்பு. 'நாமளும் ஒரு கேம்ப்பிங் கிளப்ல சேர்ந்துட்டா என்ன?'

எனக்கும் அரித்தது. சேர்ந்தேன். அந்தக் கணக்கைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

கிளப் பெயர் வேண்டாம். வருடச் சந்தா 3,500 ரூபாய். அதற்கு ஒரு கார்டு, ஒரு டி-ஷர்ட், ஒவ்வொரு கேம்ப்புக்கும் பத்து சதவிகிதத் தள்ளுபடி. வார இறுதி கேம்ப் ஒன்றுக்கு 2,500 ரூபாய். அதில் பத்து சதவிகிதம் என்றால் 250 ரூபாய் மிச்சம். சூப்பர் டீல் என்று பணத்தைக் கட்டிவிட்டு வந்து, பிறகுதான் கால்குலேட்டரைத் தட்டினேன். 3,500-ஐ 250-ஆல் வகுத்தால் 14. அதாவது, வருடத்தில் பதினாலு கேம்ப் போனால்தான் கட்டின காசு திரும்பும். டி-ஷர்ட்டுக்கு 200 ரூபாய் கழித்துப் பார்த்தேன். அப்பவும் பதிமூணுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது!

வருடத்துக்கு 52 வார இறுதி இருக்கே, பதினாலு பெரிய விஷயமா? காலண்டரை எடுங்க. அக்டோபர் நடுவில் ஆரம்பிக்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை போகும். மழை என்றால் என்னவென்று முடிச்சூர், வரதராஜபுரம் ஆட்களைக் கேளுங்க, 2015 டிசம்பரை இன்னும் மறக்கவில்லை. அந்த நேரத்தில் ஓடைக்கரையில் டென்ட் போடுவது வீரம் இல்லை. அதே நவம்பரில் செமஸ்டர் வேறு. பிப்ரவரி பாதியில் இருந்து காட்டுத் தீ சீசன். ஏப்ரலில் மறுபடி செமஸ்டர். மே மாதம் கத்திரி வெயில். மிச்சம் இருப்பது ஜனவரியும், ஜூன் கடைசியில் இருந்து செப்டம்பர் வரையும்தான். அதிலேயே பொங்கல், ஆவணி முகூர்த்தம், அத்தை பையன் கல்யாணம், அரியர் எக்ஸாம்...

நான் போனது மொத்தம் ரெண்டே கேம்ப். தள்ளுபடி கழித்துப் பார்த்தால், சந்தா கட்டாத ஆளைவிட ஒவ்வொரு முறையும் 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். இதில், 'மெம்பர் ஆயாச்சு, சொந்த டென்ட் இல்லாமலா?' என்று 4,000 ரூபாய்க்கு ஒரு டென்ட் வேறு வாங்கினேன். இப்போ அது எங்க வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. அம்மா வடகம் காயப் போடும்போது காக்கா வராமல் இருக்க அதன் கொசுவலை ரொம்ப உதவுதாம்.

அப்போ மெம்பர்ஷிப்பே வேஸ்ட்டா? அப்படி அடித்துச் சொல்லவும் முடியவில்லை. எல்லா மெம்பர்ஷிப்பும் ஒரே சரக்கு இல்லை.

யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவை எடுத்துக்கலாம். தலைமையகம் டெல்லி சாணக்யபுரியில். இந்த இயக்கத்தின் கதையே சுவாரஸ்யம். 1909-ல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளிக்கூட வாத்தியார், பிள்ளைகளைக் கால்நடையாகக் கூட்டிக்கொண்டு போனபோது மழையில் மாட்டிக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் படுத்தார்கள். 'லீவு நாளில் சும்மா பூட்டிக் கிடக்கிற பள்ளிகளில் பசங்களைத் தங்க வைத்தால் என்ன?' என்று அன்று ராத்திரி தோன்றிய யோசனைதான் உலகம் முழுக்க ஹாஸ்டல்களாக வளர்ந்தது. நம்ம ஊர் சங்கமும் அந்தக் குடும்பம்தான்.

இங்கே ஒரு வருடச் சந்தா சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆயுள் சந்தா என்றால்தான் ஆயிரங்களில். அவர்கள் நடத்தும் ட்ரெக்குகளில் சேர இந்தக் கார்டு அவசியம். ஹிமாச்சலில் கசோலைத் தளமாக வைத்து மே மாதம் நடக்கும் சார் பாஸ் ட்ரெக் ரொம்பப் பிரபலம். கிட்டத்தட்ட 13,800 அடி! டென்ட், சாப்பாடு எல்லாம் கட்டணத்துக்குள் வந்துவிடும், சொகுசை மட்டும் எதிர்பார்க்காதீங்க. ஆக, ஒரே ஒரு தடவை போனாலும் கார்டுக்குக் கொடுத்த காசு வசூல். ஆனால் செலவு கார்டில் இல்லை பாஸ், வழியில் இருக்கு. சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி போகவே முப்பது மணி நேரத்துக்கு மேல். அப்புறம் ராத்திரி முழுக்க பஸ். டிக்கெட், ஜெர்க்கின், ஷூ எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சந்தா என்பது டீ செலவு மாதிரிதான்.

குரோம்பேட்டையில் இருக்கிற என் சித்தப்பா பொண்ணு, காலேஜ் செகண்ட் இயர். கார்டு வாங்கலாமா என்று கேட்டபோது அவள் சொன்னது வேற ஆங்கிள். 'அண்ணா, அந்தக் கார்டு எனக்கு வேணாம். எங்கப்பாவுக்குத்தான் வேணும். சும்மா ஃப்ரெண்ட்ஸோட போறேன்னா விட மாட்டார். ஒரு லெட்டர்ஹெட், ஒரு ஆபீஸ் அட்ரஸ் இருந்தா விடுவார்!' பாயின்ட்தான். நிறைய பொண்ணுங்களுக்கு மெம்பர்ஷிப் என்பது தள்ளுபடி கூப்பன் இல்லை, வீட்டு வாசலைத் தாண்டுகிற பாஸ்.

ஆனால் சித்தப்பா நம்பும் அந்த லெட்டர்ஹெட்டுக்குப் பின்னால் என்ன இருக்கு என்று பார்க்கணும். ஏன் என்றால் குரங்கணி.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடி பக்கத்தில் குரங்கணி மலை. ட்ரெக்கிங் போன ரெண்டு குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கின. சென்னையில் இருந்து போனவர்கள் ஒரு குழு, ஈரோடு பக்கத்தில் இருந்து வந்தவர்கள் இன்னொரு குழு. உள்ளே போன 36 பேரில் 23 பேர் இறந்துபோனார்கள். நிறைய பேர் இருபதுகளில் இருந்தவர்கள், பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் போன பாதைக்கு வனத்துறை அனுமதி இல்லை என்று அரசு சொன்னது. சென்னைக் குழுவை ஒருங்கிணைத்தது, 2008-ல் ஆரம்பித்த சென்னை ட்ரெக்கிங் கிளப். சந்தா வாங்காத தன்னார்வ அமைப்பு அது. வடசென்னை தாண்டி ஆந்திர எல்லைக் காடுகளை நம்ம பசங்களுக்கு அறிமுகப்படுத்தியதே இவர்கள்தான் என்று சொல்லலாம். சந்தா ஜீரோ என்றாலும், ஆயிரக்கணக்கில் என்றாலும், 'இந்தப் பாதைக்கு, இந்தத் தேதிக்கு அனுமதி இருக்கா?' என்கிற கேள்வியை அது தீர்த்து வைக்காது.

அதனால் பணம் கட்டும் முன் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்காதீங்க. வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்க. கூட வரும் கைடு அந்த ஊர்க்காரரா, முதலுதவி தெரிந்தவர் யார், விபத்துக் காப்பீடு உண்டா, மழை வந்து ரத்தானால் பணம் திரும்புமா என்று கேளுங்க. முகம் சுளித்தால், அந்த இடத்திலேயே தாங்க்ஸ் சொல்லிவிட்டு டீக்கடைக்கு வந்துடுங்க. நான் சேர்ந்த கிளப்பில் இதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. டி-ஷர்ட் சைஸ் மட்டும் கேட்டேன்!

இப்போ இன்னொரு வழியும் வந்திருக்கு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஆரம்பித்தது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். மெம்பர்ஷிப்பே கிடையாது, போகும் பாதைக்கு மட்டும் ஆன்லைனில் பணம். பயிற்சி பெற்ற உள்ளூர் கைடு கூடவே வருவார். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீ சீசன் என்று மொத்தமாக மூடி வைத்தார்கள். எரிச்சலாக இருந்தாலும், குரங்கணிக்குப் பிறகு அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை. கடினமான பாதைகளுக்குக் கட்டணம் ஆயிரங்களைத் தாண்டும், ஸ்டூடன்ட் பர்ஸுக்கு வலிக்கும். ஆனாலும் வருடத்துக்கு ரெண்டு தடவை போகிற என் மாதிரி ஆட்களுக்கு இதுதான் கணக்கில் உதைக்காத வழி.

காசே இல்லையா? காலேஜில் என்.எஸ்.எஸ். இருந்தால் ஏழு நாள் முகாம் உண்டு. என்.சி.சி.யில் சேர்ந்தால் கேம்ப்போடு, அகில இந்திய ட்ரெக்கிங்கில் தேர்வாகும் சான்ஸும் உண்டு. விடியற்காலையில் பரேடுக்கு எழுந்திருக்கணும், அதுதான் சந்தா.

இன்னொரு விஷயம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தது எங்கே தெரியுமா? நம்ம பல்லாவரத்தில். மெம்பர்ஷிப் இல்லாமல் கேம்ப் அடித்தவர்களின் ஏரியா சார் இது!

இந்த வருடம் நான் பழைய சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. நானும் சித்தப்பா பொண்ணும் ஆளுக்கொரு யூத் ஹாஸ்டல் கார்டு, ஒரு வருடத்துக்கு மட்டும், போட்டிருக்கிறோம். ஞாயிறு காலையில் எட்டு கிலோ பையை மாட்டிக்கொண்டு திருநீர்மலைப் படி ஏறுகிறோம். மூணாவது வாரமும் அலுக்காமல் வந்தால்தான் கசோலுக்கு டிக்கெட் என்று ஒப்பந்தம். போன வாரம் நான் தூங்கிவிட்டேன், அவள் மட்டும் ஏறிவிட்டு வந்து எனக்கு மிஸ்டு கால் கொடுத்தாள்.

நேற்று சித்தப்பா போன் பண்ணினார். 'ஏம்ப்பா, அந்தப் பர்மிஷன் லெட்டரு... அதுல யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?'

கேட்டுச் சொல்றேன் சித்தப்பா என்றேன்.