வயர் இல்லாமல் மின்னேறும் கார்: யாருக்குப் பயன்?

பெற்றோலுக்கும் டீசலுக்கும் பதிலாக மின்சாரத்தில் ஓடும் கார்கள் உலகெங்கும் பெருகி வருகின்றன. எமது உறவுகள் பலர் வாழும் நோர்வேயில் 2024 ஆம் ஆண்டு விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது முழுமையாக மின்சாரத்தில் ஓடுபவை. இக்கார்களின் பற்றரிக்கு வழமையாக வயர் மூலமே மின்னேற்றப்படுகிறது. இப்போது வயரே இல்லாமல் மின்னேற்றும் முறையும் வந்துள்ளது.

கார் வாங்கும் வசதி உள்ளவர்களின் விடயம் இது என்று நாம் ஒதுக்கிவிடக் கூடும். ஆனால் போரில் கையையோ காலையோ இழந்தவர்கள் வாழும் எமது சமூகம் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எப்படி வேலை செய்கிறது?

1831 இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தட்டு வைக்கப்படும். அதற்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கும். காரின் அடிப்பகுதியிலும் ஒரு சுருள் உண்டு. கார் தட்டின் மேல் வந்து நின்றதும் தரைச் சுருளில் பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் காரின் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே 10 முதல் 25 சென்ரிமீற்றர் வரை இடைவெளி இருக்கலாம். சில கைத்தொலைபேசிகளைத் தட்டின் மேல் வைத்து சார்ஜ் செய்வதும் இதே முறையில்தான்.

தென்கொரியாவின் குமி நகரில் 2013 இல், வீதிக்கு அடியில் பதித்த சுருள்களால் ஓடும்போதே மின்னேறும் பஸ்கள் சேவையில் விடப்பட்டன. 2014 இல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் எட்டு பஸ்கள், பயணம் முடியும் இடத்தில் சில நிமிடங்கள் தரித்து நிற்கும்போது இவ்வாறு மின்னேற்றப்பட்டன. அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரில் 2023 இல் சுமார் 400 மீற்றர் நீளமான வீதியில் இத்தகைய சுருள்கள் பதிக்கப்பட்டன.

நன்மைகள்

வேகமாக மின்னேற்றும் நிலையங்களின் கேபிள்கள் தடித்தவை, பாரமானவை. அவற்றைத் தூக்கி, இழுத்து வந்து, காரின் துவாரத்தில் அழுத்திச் செருக வேண்டும். ஒரு கை இல்லாதவருக்கும், ஊன்றுகோலுடன் நிற்பவருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், தோளில் ஷெல் காயம் பட்டவருக்கும் இது பெரும் சிரமம். அருகில் யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டிவரும். வயரில்லா முறையில் காரைச் சரியான இடத்தில் நிறுத்தினாலே போதும். மற்றவருக்கு இது சிறு வசதி. இவர்களுக்கோ பிறர் தயவின்றிப் பயணம் செய்யும் சுதந்திரம்.

நடைபாதையில் கேபிள் கிடந்து கால் தடுக்கும் தொல்லையும் இல்லை. செப்புக்காகக் கேபிளை வெட்டித் திருடுவோருக்கும் வேலையில்லை. பஸ்கள் அடிக்கடி சிறிது சிறிதாக மின்னேற்றிக்கொள்ள முடிவதால் சிறிய பற்றரியே போதுமாகிறது.

குறைபாடுகள்

முதற் குறை செலவு. தரைத் தட்டு, காரின் சுருள், கட்டுப்படுத்தும் கருவிகள் ஆகியன சாதாரண பிளக்கை விட அதிக விலையானவை. பெரும்பாலான கார்களில் இவ்வசதி இன்னமும் இல்லை.

இரண்டாவது வேகம். 2020 இல் அமெரிக்கப் பொறியியலாளர் அமைப்பான எஸ்.ஏ.ஈ. கார்களுக்கென வெளியிட்ட நியமம் 11 கிலோவாற்று வரையானது. 60 அலகு கொள்ளும் பற்றரி முழுமையாக நிறைய ஆறு மணித்தியாலம் வரை செல்லும். இரவு வீட்டில் நிற்கும் காருக்கு இது போதும். தூரப் பயணத்தின் இடையில் 150 கிலோவாற்று வேக நிலையமே உதவும்.

மூன்றாவது மின் இழப்பு. சுருள்கள் நேராக அமையாவிட்டால் மின்சாரம் வீணாகும். இடையில் நாணயமோ தகரமோ கிடந்தால் அது சூடேறும். ஆகவே அதைக் கண்டறிந்து மின்சாரத்தை நிறுத்தும் கருவியும் தேவை. இதயமுடுக்கி பொருத்தியவர்களைக் கருத்திற்கொண்டும் காந்தப்புலத்துக்கு எல்லை வகுத்துள்ளனர்.

நாம் கேட்க வேண்டியது

எல்லோருக்கும் இப்போதே வயரில்லா முறை வேண்டும் என்று கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் சாதாரண நிலையங்களையே பலரும் பாவிக்கத்தக்கதாக அமைக்கலாம். ஐக்கிய இராச்சியத்தில் 2022 இல் இதற்கென ஒரு நியமம் வெளியானது. கருவியின் உயரம், கேபிளின் பாரம், சக்கர நாற்காலி திரும்புவதற்கான இடம் ஆகியவற்றை அது கவனத்தில் எடுக்கிறது.

எமது நாட்டில் பொதுக் கட்டடங்களுக்கு மாற்றுவலுவுள்ளோர் செல்ல வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. ஆயினும் படிகளை மட்டுமே கொண்ட அலுவலகங்களை நாம் இன்றும் காண்கிறோம். கட்டி முடித்த பின் சாய்தளம் கேட்டால், இடமில்லை, பணமில்லை என்பதே பதில்.

மின்னேற்று நிலையங்களோ இப்போதுதான் வரத் தொடங்கியுள்ளன. உங்கள் ஊரில் ஒன்று அமைக்கப்படுமானால், பிரதேச சபையிடமும் உரியவர்களிடமும் மாதர் சங்கத்தின் மூலம் ஒரு கேள்வியை முன்வையுங்கள்: "ஒரு கையுடன் வரும் பெண் இதைத் தனியே பாவிக்க முடியுமா?" சீமெந்து காயுமுன் கேட்டால், திருத்துவதற்கு வழியிருக்கும்.