காசில் கெட்டி, வட்டியில் ஓட்டை

திருத்தணி ம.பொ.சி. சாலையில் அரிசி வாங்கப் போனால் மூட்டையின் எடையைப் பாருங்கள். 26 கிலோ என்று அச்சிட்ட பைகள் கண்ணில் படும். இருபத்தைந்தும் இல்லை, முப்பதும் இல்லை, அதென்ன கணக்கு? 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. ஆலைக்காரர்கள் பையில் ஒரு கிலோ கூடுதலாகப் போட்டுத் தைத்தார்கள். வரி விலகிக்கொண்டது. கிலோ 60 ரூபாய் அரிசியில் 25 கிலோ மூட்டைக்கு 75 ரூபாய் மிச்சம். இதைக் கடைக்காரர் விளக்க வேண்டியதில்லை. பையைத் தூக்கிப் பார்க்கிற அம்மாவுக்கே தெரியும்.

சிக்கனம் என்று எழுத உட்கார்ந்தாலே பலரும் இல்லத்தரசிக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள். பட்டியல் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், ஆளில்லாத அறையில் விளக்கை அணையுங்கள் என்று. மலையடிவாரத்துத் தெருக்களில் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே பைசா சிந்தாமல்தான் குடும்பம் நடக்கிறது. அப்படி நடந்தும் ஆண்டு முடிவில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. அந்தப் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மிச்சமாகும் வழிகள். இந்த ஊருக்கு எல்லை என்பது வரைபடத்தில் மட்டும் இருக்கும் கோடல்ல. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. முன்நின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வடக்கே கொஞ்ச தூரம் போனால் நகரி, அதற்கப்பால் புத்தூர். இரண்டு பக்கமும் கொள்வினை கொடுப்பினை உண்டு. ஒரே வீட்டில் மாமியார் தெலுங்கிலும் மருமகள் தமிழிலும் பேசுவார்கள், சண்டை மட்டும் இரண்டு மொழியிலும் நடக்கும். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இரு மாநில விலைகளும் அத்துப்படி. ஆந்திரப் பதிவெண் வண்டிகள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு திரும்பும், ஏனென்றால் அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோல் வரியில் மூன்று ரூபாய் குறைத்தது இந்த வித்தியாசத்தை இன்னும் கூட்டியது. நாம் அங்கே போவது மாங்காய்க்கு. சித்திரையில் ஆவக்காய் போட நகரி, புத்தூர்ப் பக்கத்து மாங்காய்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற வீடுகள் உண்டு.

ரேஷன் கணக்கு எல்லோரும் அறிந்ததே. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் பருப்பிலும் எண்ணெயிலும் மட்டும் மாதம் 150 ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. ஆந்திரத்திலும் 2025 ஆகஸ்ட் 15 முதல் இலவசப் பயணம் வந்துவிட்டது, ஆனால் மாநிலம் தாண்டும் பேருந்து அதில் சேராது. நகரியில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தாய்க்கு இந்தப் பக்கமும் இலவசம், அந்தப் பக்கமும் இலவசம், நடுவில் எல்லையைக் கடக்க மட்டும் டிக்கெட்!

மின்சாரத்தில் இதைவிட நுணுக்கமான கணக்கு உண்டு. 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலை போய்விடும். ஐந்நூற்றி ஓராவது யூனிட் ஒன்றுக்காக இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். ஏ.சி. வைத்த வீடுகளில் கணக்கெடுக்க ஆள் வரும் வாரத்தில் மீட்டர் பெட்டியை அடிக்கடி எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்.

சமையலறையில் சிக்கனம் ருசியாகவே இருக்கிறது. எல்லைப்புறத்துக்கென்று ஒரு பச்சைப் புளி ரசம் உண்டு, தெலுங்கு வீடுகளில் பச்சிப் புளுசு என்பார்கள். புளியைக் கரைத்து, வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, சுட்ட மிளகாயைக் கிள்ளிச் சேர்த்து, உப்பும் வெல்லமும் போட்டுக் கையால் பிசைந்துவிட்டால் முடிந்தது. கொதிக்க வைக்கும் வேலையே இல்லை. 2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறி சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆனபோது, அடுப்பில்லாத குழம்பின் அருமை கூடியது. கேழ்வரகுக் களிக்கு வேர்க்கடலைச் சட்னி போதும், கடலை இந்த வட்டாரத்திலேயே விளைகிறது. புளியும் மிளகாயும் மாசி, பங்குனியில் வரத்து அதிகமாகும்போது ஆண்டுக்கும் சேர்த்து வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்துப் பானையில் அடைத்துவிடுவார்கள். காசு முடங்கும், உண்மைதான். ஆனால் ஆடியில் கிலோவுக்குக் கேட்கிற விலையைப் பார்த்தால் முடங்கிய காசுக்கு வட்டி கிடைத்தது புரியும்.

மொத்தமாக வாங்கக் கையில் காசு இருப்பவருக்கே இந்த லாபம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்றாடங்காய்ச்சிக்கு அது வாய்க்காது. ஐம்பது மில்லி எண்ணெயும் பத்து ரூபாய்க் காபித் தூளும் வாங்குகிறவர், காரில் வந்து ஐந்து லிட்டர் கேன் தூக்கிப் போகிறவரைவிட அதிக விலை கொடுக்கிறார். ஷாம்பு மட்டும் விசித்திரமான விதிவிலக்கு. பாட்டிலைவிடப் பாக்கெட்டில் மில்லிக்கு விலை பல சமயம் குறைவு. கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டும்படி செய்ததை வணிகப் பள்ளிகளில் இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். நடுத்தர வீடுகளிலும் குளியலறைக் கம்பியில் பாக்கெட் சரம் தொங்குவதற்குக் காரணம் இந்த விலைதான்.

அடுத்தது கல்யாணம். ஊரின் பெரிய சிக்கனம் மலைமேலேதான் இருக்கிறது. முகூர்த்த நாளில் முருகன் சந்நிதியைச் சுற்றி மாலையும் கழுத்துமாக எத்தனை ஜோடிகள்! நேர்த்திக்கடன் என்று வருகிறவர்கள் பாதி, மண்டப வாடகைக்கு வழியில்லாமல் வருகிறவர்கள் பாதி. இரண்டாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. 'முருகன் சந்நிதியில் நடத்துகிறோம்' என்றால் சம்பந்தி வீட்டிலும் எதிர்ப்பேச்சு வராது. மலைமேல் தாலி, அடிவாரத்தில் நூறு பேருக்குச் சாப்பாடு. இலட்சக்கணக்கில் மிஞ்சும் இடம் இது ஒன்றுதான். இன்னும் வசதி குறைந்தவர்களுக்கு அறநிலையத் துறை 2022 முதல் தங்கத் தாலியும் சீர்வரிசையும் கொடுத்து இலவசத் திருமணம் நடத்திவைக்கிறது. 2021 செப்டம்பரில் திருத்தணிக் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கிய பிறகு, புளிசாத மூட்டை இல்லாமலே குடும்பத்தோடு வந்து போகிறவர்களும் அதிகமாகிவிட்டார்கள்.

இவ்வளவும் வரவு. இனி பணம் ஒழுகும் இடத்துக்கு வருவோம்.

வட மாவட்டங்களில் தண்டல் என்றால் தெரியாதவர் இல்லை. பத்தாயிரம் கடன் என்று பேச்சு. கையில் கொடுக்கும்போதே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 'நூத்துக்குப் பதினஞ்சுதானே' என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக நம் கையில் இருந்த கடன் நாலாயிரத்துச் சொச்சம், அதுவும் மூன்று மாதத்துக்கு. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரு தண்டல் முடிந்த கையோடு அடுத்ததை எடுக்கிற வீட்டில் வருஷத்துக்கு 5,400 ரூபாய் வட்டியாகவே போகும். ரேஷன் பருப்பிலும் எண்ணெயிலும் வருஷம் முழுக்க மிச்சம் பிடித்தது 1,800. மாதம் ஒரு மூட்டை அரிசியில் தப்பிய வரி 900. இரண்டையும் சேர்த்து இரட்டிப்பாக்கினால்தான் ஒரு வருஷத் தண்டலின் வாயை மூட முடியும். பஸ்ஸில் மிஞ்சியதை வைத்துக் கட்டினாலும் அதில் பாதி அங்கே போகிறது.

எல்லாத் தண்டலும் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். அடிவாரத்தில் பூ, பழம், தேங்காய் விற்கிற பெண் அதை முதலாகப் போட்டு அன்றன்றைக்கு லாபம் பார்க்கிறாள். வட்டியைக் கட்டியும் அவளுக்கு நிற்கும். பள்ளிக்கூட ஃபீஸுக்கும் காதுகுத்துக்கும் எடுத்தால்தான் ஆபத்து. காதுகுத்து தினம் நூறு ரூபாய் சம்பாதித்துக் கொடுக்காது.

இரண்டாவது ஓட்டை வாரக் குழு, அதாவது நுண்கடன் நிறுவனங்கள் குழுவாகச் சேர்த்து வாரத் தவணைக்குத் தரும் கடன். 2010 அக்டோபரில் ஆந்திர அரசு, கடன் நெருக்கடியில் நடந்த தற்கொலைகளைத் தொடர்ந்து, நுண்கடன் நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட்டு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே அந்தத் தொழில் படுத்துவிட்டது. நிறுவனங்கள் வேறு மாநிலங்களைத் தேடின, தமிழ்நாடு அதில் முக்கியமான ஒன்று. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை பக்கம் விசைத்தறி ஓடும் ஊர்களில் கூலி வாரத்துக்கு ஒருமுறை கைக்கு வரும், தவணையும் வாரத்துக்கு ஒருமுறை. நிறுவனங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர் வேண்டுமா? தண்டலோடு பார்த்தால் வட்டி குறைவுதான், இருந்தாலும் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல். ஒரு குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் கடன் வாங்குவது தொடங்கியதும் கணக்கு கைமீறிப் போகிறது. கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003இலேயே தடைச் சட்டம் உண்டு. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் இன்னொன்றும் வந்தது. சட்டம் மிரட்டலைத் தடுக்கும், தேவையைத் தடுக்காது.

மூன்றாவது தீபாவளிச் சீட்டு. இதைக் கடன் என்று சொல்ல முடியாது, சேமிப்புதான். மாதம் ஐந்நூறோ ஆயிரமோ கட்டினால் தீபாவளிக்கு இனிப்பு, பட்டாசு, மளிகை, வெள்ளிக் காசு. தெருவே சேர்ந்து கட்டும். நடத்துகிறவர் தெரிந்தவர், கடை வைத்திருப்பவர், அதுதான் ஜாமீன். பெரும்பாலும் ஒழுங்காகவே முடியும். முடியாத ஆண்டில் ஐப்பசியில் கடை பூட்டிக் கிடக்கும். ஏலச்சீட்டுக்கு 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இருக்கிறது, பதிவு இருக்கிறது. தீபாவளிச் சீட்டு நடத்துகிறவர் பலரிடம் நோட்டுப் புத்தகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. மோசடி நடந்த பிறகு 1997ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் பணம் திரும்பி வருவதற்குள் பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிடும்.

இந்த மூன்றையும் விட்டு ஏன் வர முடியவில்லை? அறியாமை என்பது சோம்பேறித்தனமான பதில். தண்டல்காரர் தினம் வாசலுக்கு வருகிறார், 'அக்கா' என்று கூப்பிடுகிறார், படிவம் கேட்பதில்லை. வங்கிக்குப் போனால் அரை நாள் கூலி போகும். பணத்தைக் கையில் வைத்திருந்தால் செலவாகிவிடும் என்பது இந்தப் பெண்களுக்குத் தெரியும். அதனால்தான் யாராவது வந்து வாங்கிப்போனால் போதும் என்று நினைக்கிறார்கள். வாசலுக்கு வருவதற்குத்தான் வட்டியில் ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

வாசலுக்கு வருகிற இன்னொரு ஆளும் உண்டு, பலருக்கும் அது மறந்தே போய்விட்டது. அஞ்சலகத் தொடர் வைப்புக்கு வீடு வீடாக வந்து வசூலிக்கும் மகளிர் முகவர் திட்டம் 1972 முதல் இருக்கிறது. அவருக்கான கமிஷனை அரசு தருகிறது, நாம் ஒரு பைசா தர வேண்டியதில்லை. கணக்கு மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கும், தவணை ஐந்து ஆண்டு, 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம். தண்டலுக்குக் கட்டும் அதே நூறு ரூபாயைத் தினமும் எடுத்துவைத்து மாதம் 3,000 கட்டினால், ஐந்து ஆண்டில் கட்டியது 1 லட்சத்து 80 ஆயிரம், கிடைப்பது சுமார் 2 லட்சத்து 14 ஆயிரம். பன்னிரண்டு தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால், கட்டிய தொகையில் பாதி வரை அதே அஞ்சலகத்தில் கடனும் கிடைக்கும். வைப்பு வட்டிக்கு மேல் இரண்டு சதவீதம்தான் கூடுதல். காதுகுத்து அதில் நடக்கும்.

இப்போது தண்டல் கட்டிக்கொண்டிருப்பவர் நாளைக்கே இதற்கு மாற முடியாது. ஓடுகிற தண்டலைக் கட்டி முடியுங்கள். முடிந்த மறுநாள் அடுத்ததை எடுக்காமல் அதே நூறை அஞ்சலகத்தில் போட்டுப் பாருங்கள். முதல் ஆண்டு கஷ்டமாகத்தான் இருக்கும். உங்கள் தெருவுக்கு எந்த முகவர் வருகிறார் என்று அஞ்சலகத்தில் கேளுங்கள். அவருடைய அடையாள அட்டையைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள், கொடுக்கிற ஒவ்வொரு முறையும் உங்களிடம் உள்ள வசூல் அட்டையில் கையெழுத்து வாங்குங்கள், மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.