காலி நாற்காலி என்ன சொன்னது?

தமிழ்மொழி விழாவுக்காக ஒரு பாடல் காணொளி தயாரிக்கும்படி உங்கள் ஆசிரியர் சொன்னால், முதலில் எதைத் தேடுவீர்கள்? பெரும்பாலோர் கைப்பேசியைத்தான் தேடுவார்கள். உண்மையில் முதலில் தேவைப்படுபவை ஒரு தாளும் பென்சிலும்தான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிக்கும் ஐந்து மாணவர்கள், தாங்களே எழுதி இசையமைத்த மூன்று நிமிடப் பாடலுக்குக் காணொளி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதை எளியது. ஒரே வீட்டில் இருந்தும் பேரனும் தாத்தாவும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஒரு நாள் அலமாரியில் பழைய ஒலிநாடா ஒன்று பேரனின் கையில் கிடைக்கிறது. அதில் பாடியிருப்பவர் இளவயதுத் தாத்தா. பேரன் தூண்ட, தாத்தா மறுபடியும் பாடத் தொடங்குகிறார். தாத்தாவாக நடிக்க முன்வந்தவர், குழுவிலுள்ள மாணவி ஒருவரின் சொந்தத் தாத்தா. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில் திரையில் தெரிவதை ‘ஷாட்’ என்பார்கள். மூன்று நிமிடம் என்றால் 180 விநாடிகள். ஒரு ஷாட் சராசரியாக 4 விநாடி நீடித்தால் மொத்தம் 45 ஷாட்டுகள் தேவை. ஒவ்வொன்றிலும் யார் இருக்கிறார், எங்கே இருக்கிறார், பாடலின் எந்த வரி அப்போது ஒலிக்கிறது என்பதைக் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பதே கதைப்பலகை. ஓவியத் திறமை வேண்டியதில்லை. குச்சி மனிதர்கள் போதும்.

கதைப்பலகை முடிந்ததும் பலர் நேராகப் படப்பிடிப்புக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் செய்யவேண்டிய ஒரு சோதனை உண்டு. வரைந்த கட்டங்களை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படமெடுத்து, பாடலோடு சேர்த்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நம் குழுவும் அப்படிச் செய்தது. ஒலிநாடாக் காட்சிக்கு அவர்கள் ஒதுக்கியிருந்தது ஒரே கட்டம், 4 விநாடி. பேரன் அலமாரியைத் திறந்து, நாடாவை எடுத்து, தூசியை ஊதி, கருவியில் போட்டு, பொத்தானை அழுத்த வேண்டுமே! இதை ஒருவர் நடித்துப் பார்த்தபோது பல்லவியே முடிந்துவிட்டது. தாளில் இதைச் சரிசெய்ய அரைமணி நேரம் பிடித்தது. படமெடுத்த பிறகு தெரியவந்திருந்தால் ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிருக்கும்.

ஒத்திகையும் ஒரு சோதனைதான். ‘ஓகே கோ’ என்ற அமெரிக்க இசைக்குழு 2006ஆம் ஆண்டில், எட்டு நடைப்பயிற்சி இயந்திரங்களின்மேல் ஆடும் காணொளி ஒன்றை வெளியிட்டது. இடையில் ஒரு வெட்டுகூட இல்லாத அந்தக் காணொளி சரியாக அமைய 17 முயற்சிகள் தேவைப்பட்டன.

படப்பிடிப்பைப் பற்றிச் சில குறிப்புகள் போதும். பாடல் வரிசைப்படி எடுக்காமல், ஒரே இடத்தில் நடப்பவற்றை ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். உதட்டசைவு பொருந்த வேண்டுமானால் ஒலிபெருக்கியில் பாடலை ஓடவிட்டு, நடிப்பவரையும் வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எடுப்பதாக இருந்தால், அனுமதி தேவையா என்று நகர மன்றத்திடம் முன்கூட்டியே கேளுங்கள்.

குழு தன் முதல் தொகுப்பை வேறு வகுப்பு மாணவர்கள் 8 பேருக்குத் திரையிட்டது. “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நண்பர்கள் “சூப்பர்!” என்றுதான் சொல்வார்கள், அந்தப் பதிலை வைத்து எதையும் திருத்த முடியாது. கதையைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தையும் சொல்லாமல் காணொளியைக் காட்டிவிட்டு, “கதையை உங்கள் சொற்களில் எழுதுங்கள்,” என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார்கள். வாய்மொழியாகக் கேட்டால் முதலில் பேசுபவரின் கருத்தையே மற்றவர்களும் பின்பற்றுவது வழக்கம்.

எட்டுத் தாள்களில் ஆறில் இப்படி இருந்தது: ‘கடைசியில் தாத்தா இறந்துவிடுகிறார்.’

குழு திகைத்துப்போனது. கடைசி ஷாட்டில் சன்னலோரம் தாத்தாவின் நாற்காலி காலியாக இருக்கிறது. மாலை வெயில் விழுகிறது. இசை மெல்ல அடங்குகிறது. தாத்தா நண்பர்களோடு பாடக் கீழே போயிருக்கிறார் என்பது குழுவினரின் எண்ணம். அது அவர்கள் மனத்தில் இருந்ததே தவிர, திரையில் இல்லை. “அவர்களுக்குத்தான் புரியவில்லை,” என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். கோபம் இயல்பானதுதான். ஆனால், காணொளியைப் பார்க்கும் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று விளக்கம் சொல்ல முடியுமா?

சுவரொட்டியிலும் இதே சிக்கல் காத்திருந்தது. அதில் தாத்தாவின் முகம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. கீழே விளக்கொளி போன்ற மஞ்சள் நிறம். அதன்மேல் பாடலின் தலைப்பு, ‘உன் குரல்’. சுவரொட்டியை 5 விநாடி காட்டி, மறைத்துவிட்டு, “இது எதைப் பற்றியது?” என்று கேட்டார்கள். தமிழ் நாளிதழைப் பார்த்துப் பழகிய ஒரு மாணவி தயங்கித் தயங்கி, “நினைவஞ்சலியா?” என்றார். அந்தத் தாத்தா வெளியீட்டு நாளன்று பள்ளிக்கு வருவதாக இருந்தார். வாயிலில் அவரை வரவேற்கவிருந்தது அந்தச் சுவரொட்டிதான்.

தாத்தாவும் பேரனும் ஒலிநாடாக் கருவியின்மேல் குனிந்து சிரிக்கும் வண்ணப் படத்தை மறுநாளே மாற்றினார்கள். எழுத்துகளையும் அப்போது கவனித்தார்கள். சில செயலிகளில் தமிழ் எழுத்துகள் உடைந்து, ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். மெல்லிய அலங்கார எழுத்தில் புள்ளிகள் காணாமற்போகும். ஆகவே, சுவரொட்டியை அச்சிட்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று படித்துப் பார்க்க வேண்டும்; கைப்பேசித் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கியும் பார்க்க வேண்டும். பங்களித்தவர்களின் பெயர்களும் விடுபடக்கூடாது. படைப்பாளரையும் கலைஞரையும் பெயர் குறிப்பிட்டு அடையாளப்படுத்த வேண்டும் என்பதைச் சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமும் வலியுறுத்துகிறது.

காணொளியில் இரண்டு ஷாட்டுகள் சேர்க்கப்பட்டன. ஒன்றில் தாத்தா முணுமுணுத்தபடியே வாசலில் செருப்பை மாட்டுகிறார். மற்றொன்றில் கீழ்த்தளத்துக் கல்மேசையைச் சுற்றி நண்பர்களோடு பாடுகிறார். காலி நாற்காலியை அவர்கள் நீக்கவில்லை. கீழேயிருந்து வரும் பாட்டொலியை அதன்மேல் சேர்த்தார்கள்.

இரண்டாவது சோதனைக்குப் புதிதாக 8 பேரை அழைத்தார்கள். முதலில் பார்த்தவர்களுக்குக் கதை ஏற்கெனவே தெரியும் அல்லவா? இம்முறை எட்டுப் பேரும் கதையைச் சரியாக எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும் கீழே ஒரு கேள்வியையும் சேர்த்திருந்தார்: ‘பேரன் ஏன் கூடப் போகவில்லை?’

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த சனிக்கிழமை, ஒரே ஒரு ஷாட்டை எடுப்பதற்காக, தாத்தாவை அழைத்துக்கொண்டு மறுபடியும் அந்தக் கல்மேசைக்குப் போனார்கள்.