கொஞ்ச மருந்தும் கூடின முட்டையும்

மருந்து கொஞ்சமென்றால் பூச்சி கொஞ்சம் சாகும், கூடவென்றால் கூடச் சாகும். றொசல்லயில் லயத்தடி மரக்கறிப் பாத்திக்கு மருந்தடிப்பவரும், அக்கரைப்பற்றில் வயல் செய்யும் என் மச்சானும் சொல்கிற கணக்கு இதுதான். பூச்சிதான் இந்தக் கணக்குக்கு எப்போதும் அடங்குவதில்லை.

சாகாத அளவுக்கு மருந்து பட்ட பூச்சி, சிலவேளை முன்னையைவிடக் கூடுதலாக முட்டையிடும். 1968இல் அமெரிக்க விஞ்ஞானி லக்கி இந்தத் தூண்டுதலுக்கு ஹோர்மோலிகோசிஸ் என்று பெயர் வைத்தார். சுவர்க்கோழிக்குச் சிறிதளவு பூச்சிக்கொல்லியை ஊட்டி, அது கொழுத்து வளர்வதைக் கண்டவர் அவர்.

நம்ம ஆக்களுக்கு இது உறைப்பது அறக்கொட்டியானில்தான். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் செல்லையாவும் ஹெய்ன்ரிக்ஸும் செய்த ஆய்வு 1980இல் வெளிவந்தது. டெல்டாமெத்ரின், மெதைல் பரதியன் போன்றவை தெளித்த நெல்லில் அறக்கொட்டியான் கூடுதலாகச் சாறு குடித்தது, குஞ்சுகளும் பெருகின. எல்லா மருந்துக்கும் இந்தக் குணம் இல்லை.

போத்தலில் போட்டபடி அளந்து கலந்தாலும் இது நடக்கலாம். ஏனென்றால் அறக்கொட்டியான் இருப்பது தூரடியில். மேலே அடிக்கிற மருந்தை இலையே வாங்கிக்கொள்ளும். கீழே போவது மிச்சம் மீதிதான். முட்டையோ இலைமடலுக்குள் பத்திரமாக இருக்கும். போன பெரும்போகத்தில் இரண்டு தரம் அடித்தும் வட்டம் வட்டமாய் வயல் கருகியபோது, மச்சான் கலப்பட மருந்தென்று கடைக்காரரை ஏசினார். கலப்படமே இல்லாமலும் அப்படிக் கருகும்.

எங்கட தேயிலையிலும் மருந்தடித்துப் பூச்சி பெருகிய கதை உண்டு. ஆனால் அதன் காரணம் வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது. இலைகளை ஒட்டித் தின்கிற டோர்ட்ரிக்ஸ் புழுவை அடக்க, 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்தார்கள். அது புழுவுக்குள் முட்டையிட்டுப் புழுவைக் கொல்லும். பிறகு, தேயிலைக் கிளையைத் துளைக்கிற வண்டுக்கு டீல்ட்ரின் அடிக்கப்போய்க் குளவி செத்தது, டோர்ட்ரிக்ஸ் பெருகியது. அங்கே மருந்து கொன்றது காவல்காரனை; நெல்லில் அதோடு கள்ளனுக்குச் சத்துணவும் கொடுக்கிறது.

இந்தோனேசியா இதைப் பட்டுத் தெளிந்தது. அறக்கொட்டியான் நெல்லை அழித்துக்கொண்டிருந்த 1986இல், அரசு 57 பூச்சிக்கொல்லிகளை வயலில் அடிக்கத் தடைபோட்டது. அதன் பிறகு விவசாயிகளுக்கு முதலில் படிப்பித்தது, தூரைப் பிரித்துப் பூச்சியையும் அதைத் தின்னும் சிலந்தியையும் எண்ணிப் பார்க்கத்தான்.