புழுவின் கொழுப்பும் கறவை மாட்டின் தீவனமும்

பூச்சிகளை வளர்த்து, அவற்றின் புழுவினின்று கொழுப்பைப் பிழிந்தெடுத்துத் தீவனத்தில் சேர்க்கும் முறையைப் பற்றி இப்பொழுது எங்கும் பேச்சாயிருக்கிறது. ஊர்க் குப்பையில் புழு வளர்த்து அதையே மாட்டுக்கு வைக்கலாமா என்று கடையநல்லூர் வட்டாரத்து ஊராட்சி உறுப்பினர்களும் வினவலாம். புழு வளர்ப்பது வேறு, மாட்டுக்கு வைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

இதற்கென வளர்க்கப்பெறுவது கருப்புச் சிப்பாய் ஈயின் புழு. இது வீட்டு ஈயன்று. வளர்ந்த ஈ நம் உணவை நாடி வருவதில்லை. இதன் புழு காய்கறிக் கழிவையும் எஞ்சிய சோற்றையும் தின்று, இரண்டு மூன்று வாரங்களில் பருத்துவிடும். உலர்ந்த புழுவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கொழுப்பாகும். பட்டுநூல் எடுத்தபின் எஞ்சும் கூட்டுப்புழுவிலும், உலர்ந்த நிலையில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை கொழுப்புண்டு.

கன்று ஈன்ற புதிதில் மாடு தின்பதைவிடக் கறப்பது மிகுதி. அக்குறையை ஈடுசெய்யக் கடைகளில் விற்கும் கொழுப்புத் தீவனம் பெரும்பாலும் பனையெண்ணெயிலிருந்து, அதாவது பாமாயிலிலிருந்து, செய்யப்படுகிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் காடழித்து நட்ட தோட்டங்கள் பல. அவ்விறக்குமதியில் ஒரு பகுதியைக் கழிவில் வளர்ந்த புழு ஈடுசெய்யுமாயின், அது சுற்றுச்சூழலுக்கு மெய்யான ஆதாயமே.

ஆனால் புழு எதைத் தின்று வளர்ந்தது என்பதே இங்கு முதற் கேள்வி. மாடே தின்னத்தக்க தவிட்டையும் புண்ணாக்கையும் புழுவுக்கு இட்டு, பின்னர் அப்புழுவை மாட்டுக்கு வைப்பது, கருப்பாநதி நீரை மேட்டுக்கு இறைத்து மீண்டும் ஆற்றிலேயே விடுவதை ஒக்கும். விரைவாகப் புழு பருக்க வேண்டுமென்று தீவனம் வாங்கிப் போடச் சொல்லும் திட்டங்களை ஊராட்சிகள் ஐயுற்றே நோக்குதல் நலம். குளிர்நாடுகளில் புழுக்கூடத்தைச் சூடாக்கவே மின்சாரம் செலவாகிறது. நமக்கு அச்செலவில்லை, உலர்த்துவதற்கும் வெயில் உண்டு.

மாட்டின் முதல் இரைப்பையில் உண்டாகும் மீத்தேன் வாயு பூமியை வெப்பமாக்கும் வாயுக்களில் ஒன்று. பன்னாட்டுத் தட்பவெப்ப மாற்றக் குழுவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி, நம் துணைக்கண்டத்துக் கறவை மாடு ஒன்றுக்கு ஆண்டுக்கு 58 கிலோ எனக் கணக்கிட்டது. சிப்பாய் ஈக் கொழுப்பில் மிகுந்துள்ள லாரிக் அமிலம் இவ்வாயுவை ஓரளவு குறைக்கவல்லது. அளவு மிஞ்சினாலோ, வைக்கோலைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களையும் அது அடக்கிவிடும். தீனி குறையும், பாலில் கொழுப்பும் குறையும். இதே அமிலம் தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதியளவு இருக்கிறது. தென்னை மிகுந்த நம் பகுதியில் தேங்காய்ப் புண்ணாக்கு வைக்கும் வீடுகளில் அது முன்னரே தொட்டியில் சேர்ந்துவிட்டது!

கணக்கு எளிது. நாளொன்றுக்கு 10 கிலோ உலர்பொருள் தின்னும் மாட்டுக்கு மொத்தக் கொழுப்பு 600 கிராமுக்கு மேற்படலாகாது. வைக்கோல், பசும்புல், தவிடு ஆகியவற்றிலேயே 300 கிராம் அளவு சேர்ந்துவிடும். 2 கிலோ தேங்காய்ப் புண்ணாக்கு வைப்பவர் மேலும் 200 கிராம் அளவு சேர்க்கிறார். அத்தகையோர் வேறு கொழுப்பை விலைகொடுத்து வாங்கவே வேண்டியதில்லை என்பது என் கருத்து.

முழுப்புழுவை மாட்டுக்கு வைப்பதோ அறவே கூடாது. பிரிட்டனில் 1986இல் கண்டறியப்பட்ட பித்துமாட்டு நோய், விலங்குப் புரதம் கலந்த தீவனத்தால் பரவிற்று. 1988இல் அங்கே தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிப் புரதத்தை 2017இல் மீன்களுக்கும், 2021இல் கோழி, பன்றிகளுக்கும் அனுமதித்தது. அசைபோடும் கால்நடைகளுக்கு அனுமதிக்கவில்லை. தூய்மையாக்கப்பட்ட கொழுப்பு மட்டும் இத்தடைக்குள் வராது. நம் நாட்டிலும் பால்மாட்டுக்கு இறைச்சி, எலும்புத் தூள் கலந்த தீவனம் தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே தீவனம் வாங்குவோர் மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா எனப் பார்த்தே வாங்குக. கொழுப்புச் சேர்க்குமுன் கால்நடை மருத்துவரையும் கலந்துகொள்க.

ஊராட்சிகள் புழுக்கூடம் அமைக்க விரும்பினால், மக்கும் குப்பையை வீட்டு வாயிலிலேயே பிரித்து வாங்குதல் இன்றியமையாதது. இறைச்சிக் கழிவும் மருத்துவமனைக் கழிவும் அங்கே நுழையலாகாது. விளையும் புழுவைக் கோழி வளர்ப்போருக்கும் மீன் வளர்ப்போருக்கும் விற்கலாம். அடியில் எஞ்சும் கழிவை நன்கு மக்கவைத்துத் தென்னந்தோப்புக்கு எருவாக இடலாம்.