வீடே படகு... 1,750 கி.மீ. பயணம்: அமெரிக்கத் தம்பதிகள் குளிருக்குத் தப்பிச் செல்லும் 'நீர்ச்சாலை' எப்படி இயங்குகிறது?

அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் நார்ஃபோக் துறைமுகத்துக்குப் போனால் ஒரு வேடிக்கையான காட்சியைப் பார்க்கலாம். மலை மாதிரி நிற்கும் கடற்படைக் கப்பல்களுக்கு நடுவே, முப்பது நாற்பது அடி நீளப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். பெரும்பாலான படகுகளில் இரண்டே பேர். கணவன், மனைவி. சிலவற்றில் கூடவே ஒரு நாய். மேல்தளத்தில் சைக்கிள், தண்ணீர் கேன், ரோஜாத் தொட்டி என்று ஒரு குடித்தனமே இருக்கும்.

இவர்களுக்கு அங்கே 'ஸ்னோபேர்ட்' என்று பெயர். பனிக்காலம் வந்தால் தெற்கே பறந்து, வசந்தத்தில் வடக்கே திரும்பும் பறவைகள். முன்பெல்லாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம். செயற்கைக்கோள் இணையம் வந்த பிறகு, லேப்டாப்பைத் திறந்துவைத்து வேலை பார்த்துக்கொண்டே போகும் இளம் ஜோடிகளும் சேர்ந்துவிட்டார்கள்.

இவர்கள் போகும் பாதையின் பெயர் அட்லாண்டிக் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே. சுருக்கமாக ஐ.சி.டபிள்யூ.

கடல் பக்கத்திலேயே இருக்கே, அப்புறம் எதுக்கு இது?

அமெரிக்காவின் கிழக்குக் கரையை வரைபடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கரையை ஒட்டி, நூல் பிடித்தாற்போல மணல் தீவுகள் நீண்டு கிடக்கும். அந்தத் தீவுகளுக்கும் நிலத்துக்கும் நடுவில் ஆறுகள், கழிமுகங்கள், உப்பங்கழிகள். இயற்கை விட்ட இடைவெளிகளில் கால்வாய் வெட்டி எல்லாவற்றையும் இணைத்ததுதான் இந்த நீர்வழி. நார்ஃபோக் பகுதியில் 'மைல் 0'. அங்கிருந்து மியாமி சுமார் 1,090 மைல், அதாவது ஏறக்குறைய 1,750 கி.மீ. கடைக்கோடியான கீ வெஸ்ட் தீவு வரை போனால் 1,243 மைல். கடலில் எல்லாரும் கடல் மைலில் கணக்குப் போடும்போது, இங்கே மட்டும் சாலை மைல்தான் கணக்கு. பேருக்கு ஏற்ற மாதிரி இது சாலையேதான்.

வட கரோலினாவின் ஹேட்டரஸ் முனைக்கு வெளியே இருக்கும் கடலை 'அட்லாண்டிக்கின் கல்லறை' என்பார்கள். மணல்திட்டுகளும் திடீர்ப் புயல்களும் அங்கே கப்பல்களைக் காலம் காலமாக விழுங்கியிருக்கின்றன. கரைக்கு உள்ளேயே பாதுகாப்பாகப் போக ஒரு வழி வேண்டும் என்று நிதியமைச்சர் ஆல்பர்ட் கேலட்டின் 1808-லேயே ஓர் அறிக்கை கொடுத்தார். துண்டு துண்டாகத்தான் வேலை நடந்தது. 1942-ல் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் இதே கரையோரம் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்தபோதுதான் உள்வழியின் அருமை எல்லாருக்கும் உறைத்தது. இன்றைக்கு இதைப் பராமரிப்பது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

இந்தப் படகுகள் மணிக்குச் சுமார் 10 முதல் 13 கி.மீ. வேகத்தில் போகும். சைக்கிளில் அவசரமில்லாமல் போகிற வேகம். இரவில் போவது ஆபத்து என்பதால் பொழுது சாயும் முன்பே நங்கூரம் போட்டுவிடுவார்கள். ஒரு நாளைக்கு 80 கி.மீ. என்று வைத்தாலும், விடாமல் ஓட்டினால் மூன்று வாரத்தில் மியாமி. ஆனால் யாரும் விடாமல் ஓட்டுவதில்லை. ஆறு வாரம், எட்டு வாரம் எடுத்துக்கொள்கிறவர்களே அதிகம்.

கிளம்பும் தேதியையும் அவர்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது ஓயும்வரை குறிப்பிட்ட எல்லைக்குத் தெற்கே படகு போகக் கூடாது என்று பல காப்பீட்டு நிறுவனங்கள் நிபந்தனை போடுகின்றன. மீறிப் போய்ப் புயலில் சேதமானால் இழப்பீடு கிடைக்காது. சீக்கிரம் கிளம்பினால் புயல், தாமதமானால் குளிர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் இத்தனை கூட்டம்.

தேநீர் நிறத் தண்ணீர்

பயணம் தொடங்கியதும் இரண்டு வழிகள் பிரியும். ஒன்று, பெரிய படகுகள் போகும் அகலமான கால்வாய். இன்னொன்று 1805-ல் திறக்கப்பட்ட டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். அமெரிக்காவில் இன்றும் பயன்பாட்டில் இருக்கும் மிகப் பழைய செயற்கைக் கால்வாய் இதுதான். திறந்திருக்கும் நாட்களில் அவசரம் இல்லாதவர்கள் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆழம் வெறும் 6 அடிதான் என்பதால் பெரிய படகுகளுக்கு இடமில்லை.

சுமார் 35 கி.மீ. நீளம். அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோடு. இரு கரையிலும் மரங்கள் கவிந்து நிற்க, தண்ணீர் பால் கலக்காத டீ நிறத்தில் இருக்கும். சதுப்பு நிலத்து மரங்களிலிருந்தும் மக்கிய தழைகளிலிருந்தும் இறங்கும் டானின் செய்யும் வேலை. இந்தத் தண்ணீர் சீக்கிரம் கெடாது என்பதால் அந்தக் காலத்துக் கப்பல்கள் பீப்பாய்களில் நிரப்பிக்கொண்டு போயின. கால்வாயின் இரு முனைகளிலும் 'லாக்' எனப்படும் கதவு போட்ட தொட்டிகள். படகு உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீரை நிரப்பி மேலே தூக்குவார்கள். கடைசியில் அதேபோல இறக்கிவிடுவார்கள்.

அழகான இடம். ஆனால் யார் வெட்டியது? அடிமைகள். இடுப்பளவு சேற்றில், கொசுக்கடியில், பன்னிரண்டு வருடம். அதே சதுப்புக் காட்டுக்குள்தான் தப்பியோடிய அடிமைகள் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்தார்கள். இந்தக் கால்வாயில் படகோட்டிய மோசஸ் கிராண்டி என்ற அடிமை, தன் விடுதலைக்காக இரண்டு முறை முழுப்பணம் கட்டி இரண்டு முறையும் ஏமாற்றப்பட்டார். மூன்றாவது முறை கட்டிய பிறகுதான் விடுதலை கிடைத்தது. 1843-ல் அவர் வாழ்க்கைக் கதை லண்டனில் புத்தகமாக வந்தது.

கால்வாய் முடிந்து ஆற்றில் இறங்கினால் எலிசபெத் சிட்டி என்ற சிற்றூர். 1983-ல் ஜோ கிராமர், ஃப்ரெட் ஃபியரிங் என்ற இரண்டு பெரியவர்கள், இலவசப் படகுத்துறையில் கட்டும் ஒவ்வொரு படகிலும் இருக்கும் பெண்ணுக்கு ஒரு ரோஜாப்பூ கொடுத்து வரவேற்க ஆரம்பித்தார்கள். கூடவே மாலையில் ஒரு சின்ன விருந்து. சுற்றுலாத் துறை போட்ட திட்டம் எதுவும் இல்லை. இரண்டு பேருக்குத் தோன்றியது, செய்தார்கள். அந்த ஊரின் பெயரே அதனால் பரவிவிட்டது.

'சுக்கானை யார் பிடிப்பது?'

நாற்பது அடிக்குள் இரண்டு பேர், இரண்டு மாதம். கோபித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகலாம் என்றால், அது நான்கு எட்டில் முடிந்துவிடும்.

பெரும்பாலான சண்டைகள் வெடிப்பது படகுத்துறையில்தான். ஒருவர் சுக்கானில். இன்னொருவர் முன்பக்கம் கயிறோடு. காற்று ஒரு பக்கம் தள்ள, நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்க, இன்ஜின் சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. "என்னது?" என்று கேட்பதற்குள் பக்கத்துப் படகில் மோதியிருக்கும். இதற்காகவே இருவரும் காதில் மாட்டிக்கொள்ளும் வயர்லெஸ் ஹெட்செட் விற்பனையில் இருக்கிறது. படகுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர், 'திருமணம் காப்பான்'.

சிரிக்கிற விஷயம் போலத் தெரிந்தாலும் இதில் ஓர் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. பல படகுகளில் ஓட்டுவது கணவர், மற்றதெல்லாம் மனைவி என்று பழகிப்போயிருக்கும். ஓட்டுகிறவர் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தாலோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலோ, மிச்சம் இருக்கும் ஒரே ஆள் படகை நிறுத்தி, திருப்பி, உதவி கேட்டாக வேண்டும். அன்றைக்குத்தான் அவர் முதன்முறையாக ஆக்ஸிலேட்டரைத் தொடுகிறார் என்றால் கதை முடிந்தது. அதனால்தான் பயிற்சி தருபவர்கள் முதலில் சொல்வது, வாரத்தில் பாதி நாள் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று. விஎச்எஃப் ரேடியோவில் 16-வது சேனல்தான் அவசர அழைப்புக்கு. சரியாகப் பதிவுசெய்து ஜிபிஎஸ்ஸோடு இணைத்த ரேடியோவாக இருந்தால், அதன் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தாலே படகின் அடையாளமும் இருக்குமிடமும் தானாகப் போய்விடும். இது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மஞ்சள் முக்கோணம் என்ன சொல்கிறது?

நீர்வழி நெடுக மரக்கம்பங்களில் பலகைகள் இருக்கும். தெற்கே போகும்போது சிவப்பு முக்கோணம் வலப்பக்கம், பச்சைச் சதுரம் இடப்பக்கம் வர வேண்டும். இவ்வளவுதான் விதி. ஆனால் இந்த வழி கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும் கால்வாய்களைக் குறுக்கே கடக்கும்போது நிறங்கள் தலைகீழாக மாறும். அங்கே குழம்பாமல் இருக்கத்தான் பலகையில் ஒரு சின்ன மஞ்சள் குறி. நிறம் எதுவாக இருந்தாலும் மஞ்சள் முக்கோணம் என்றால் அதைச் சிவப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் சதுரம் என்றால் பச்சை. இதைக் கவனிக்காமல் நிறத்தை மட்டும் நம்பித் தரை தட்டுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

பாலங்கள் தனிக் கதை. உயரமான நிலைப் பாலங்களுக்கு அடியில் பொதுவாக 65 அடி இடைவெளி இருக்கும். 64 அடிப் பாய்மரம் வைத்திருப்பவர் ஒவ்வொரு பாலத்தின் அடியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவார். தாழ்வான பாலங்கள் ரேடியோவில் கேட்டால் திறக்கும். பல பாலங்களில் அரை மணிக்கு ஒருமுறைதான். ஆபீஸ் நேரத்தில் சில திறக்கவே திறக்காது. வட கரோலினாவில் கேம்ப் லெஜ்யூன் என்ற மரைன் படையின் தளம் இருக்கிறது. அங்கே துப்பாக்கிப் பயிற்சி நடந்தால் நீர்வழியையே மூடிவிடுவார்கள். காத்திருக்க வேண்டியதுதான்.

தெற்கு கரோலினாவில் ஜார்ஜ்டவுனை நெருங்கும்போது கரையோரம் பழைய நெல் வயல்களின் வரப்புகள் இன்னும் தெரியும். ஓதம் ஏறும்போது ஆற்றின் நல்ல தண்ணீரும் மேலே எழும்பும். அப்போது மரமதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சி, இறங்கும்போது வடித்திருக்கிறார்கள். நெல் விளையும் மேற்கு ஆப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் உழைப்பும் அறிவும் அது. 1840 வாக்கில் அமெரிக்காவின் மொத்த அரிசியில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மாவட்டத்தில் விளைந்தது.

தூர்ந்துபோகும் பாதை

ஜார்ஜியா மாநிலத்தில்தான் பலருக்கும் வயிற்றைக் கலக்கும். அங்கே ஓதம் 7 முதல் 9 அடி வரை ஏறி இறங்கும். காலையில் ஏரி மாதிரி இருந்த இடம் மதியம் சேற்று மேடு. 'லிட்டில் மட் ரிவர்', அதாவது சின்னச் சேற்று ஆறு என்றே ஓர் இடத்துக்குப் பெயர். பெயரில் பொய்யே இல்லை.

இங்கே அனுபவசாலிகளின் சூத்திரம் ஒன்று உண்டு. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது மட்டும் ஆழமில்லாத இடங்களைக் கட. தரை தட்டினாலும் சற்று நேரத்தில் தண்ணீரே தூக்கிவிட்டுவிடும். இறங்கும்போது தட்டினால், படகு ஒருக்களித்துச் சாய, ஆறேழு மணி நேரம் சாய்ந்த சமையலறையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

விதிப்படி நார்ஃபோக்கிலிருந்து ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி ஆழம் இருக்க வேண்டும். பல இடங்களில் அது காகிதத்தோடு சரி. காரணம் பணம். தூர்வார நிதி ஒதுக்கும்போது பெரிதாகப் பார்க்கப்படுவது எவ்வளவு வணிகச் சரக்கு போகிறது என்பதைத்தான். சரக்குப் படகுகள் குறைந்துவிட்டன. ஆயிரக்கணக்கில் போகும் குடும்பப் படகுகள் அந்தக் கணக்கில் பெரிய எடை பெறுவதில்லை. இத்தனைக்கும் டீசல், சாப்பாடு, பழுது என்று கரையோரச் சிற்றூர்களில் காசு செலவழிப்பவர்கள் இவர்கள்தான்.

ஃபுளோரிடா மட்டும் வேறு வழி கண்டுபிடித்தது. 1927-லேயே கிழக்குக் கரை மாவட்டங்களில் சொத்து வரியில் ஒரு சிறு பங்கை இதற்கென வசூலிக்க ஓர் அமைப்பை உருவாக்கிவிட்டது. இன்று 12 மாவட்டங்கள் அதில் இருக்கின்றன. எல்லை தாண்டியதும் ஆழத்தில் வித்தியாசம் தெரிகிறது. மற்ற இடங்களில் படகுக்காரர்களே ஒருவருக்கொருவர் கைகொடுக்கிறார்கள். முன்னே போனவர் பதிவுசெய்த ஜிபிஎஸ் தடத்தைப் பின்னால் வருபவர் மொபைலில் இறக்கிக்கொண்டு அதே கோட்டில் போகிறார். ஒரு புயலுக்குப் பிறகு அந்தத் தடமும் மாறிவிடும் என்பது வேறு விஷயம்.

மியாமியை எட்டும்போது பாய்மரக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு தடை. ஜூலியா டட்டில் பாலத்தின் உயரம் 56 அடிதான். அதைவிட உயரமான மரம் இருந்தால் ஃபோர்ட் லாடர்டேலிலேயே கடலுக்குள் இறங்கி, வெளியே சுற்றித்தான் மியாமிக்குள் நுழைய வேண்டும். அங்கிருந்து பஹாமாஸின் பிமினி தீவு ஏறக்குறைய 80 கி.மீ. நடுவே வடக்கு நோக்கி ஓடும் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம். அதற்கு எதிராக வடக்கிலிருந்து காற்று வீசினால் அலை செங்குத்தாக எழும். அதனால் மியாமியில் நங்கூரம் போட்டுவிட்டு, தினமும் காலையில் வானிலை அறிக்கையைப் பார்த்தபடி காற்று திரும்பக் காத்திருக்கிறார்கள். சிலருக்கு இரண்டு நாள், சிலருக்கு இரண்டு வாரம்.